ஒரே இலை, இரண்டு தண்ணீர்: கடற்கரையில் ஒரு டார்ஜிலிங் தேநீர்

[காட்சி: மண்டபம், காலை நேரம். திண்ணையில் இரண்டு வெள்ளைப் பீங்கான் கோப்பைகள்.]

வணக்கம். இந்த இரண்டு கோப்பைகளிலும் இருப்பது ஒரே டார்ஜிலிங் தேயிலை. இலையின் அளவும் ஊறிய நேரமும் ஒன்றுதான். ஆனால் இடப்பக்கத் தேநீர் தேன் நிறத்தில் தெளிந்திருக்க, வலப்பக்கத் தேநீரோ கறுத்து மங்கி, மேலே மெல்லிய ஆடை படிந்து நிற்கிறது. முதலாவது குழாயில் வந்த காவிரித் தண்ணீர். இரண்டாவது வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்.

பால் விடாத தேநீரில் ஆடை ஏது என்று கேட்கலாம். இந்தக் கிணற்றுத் தண்ணீர் போன்ற கடினநீரிலுள்ள கால்சியமும் பைகார்பனேட்டும், தேயிலைக்குத் துவர்ப்புத் தரும் பாலிஃபீனால்களோடு சேரும்போது இந்தப் படலம் உண்டாகிறது. நீரின் காரத்தன்மை நிறத்தையும் கறுக்க வைக்கிறது. நன்றாகக் கொதிக்கவைத்துத் தெளிய விட்டால் கடினத்தன்மையில் ஒரு பகுதி வெள்ளைப் படிவாக அடியில் தங்கிவிடும். உப்பு மட்டும் எவ்வளவு கொதித்தாலும் போகாது. ஆகவே, நம் கரையில் இந்தத் தேநீருக்குக் காவிரித் தண்ணீரோ, சேமித்த மழைநீரோதான் பொருந்தும்.

[காட்சி: அடுப்பில் கெட்டில்.]

அடுத்தது சூடு. டார்ஜிலிங் நகரம் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கடல் மட்டத்தில் இருக்கும் நமக்கோ அது 100 டிகிரி. அதனால் அடுப்பை அணைத்து, மூடியைத் திறந்து, ஓரிரு நிமிடம் பொறுத்து ஊற்றுங்கள். 150 மில்லி நீருக்கு 2 கிராம் இலை போதும். மூடி வைத்து 3 நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். டீக்கடையின் சிடிசி தூளை (இயந்திரத்தில் நசுக்கிக் குருணையாக்கிய தேயிலை) போல அடுப்பிலேயே கொதிக்கவிட்டால் கசப்பு மட்டுமே மிஞ்சும்.

[காட்சி: இரு வகை இலைகள், அருகருகே.]

மார்ச், ஏப்ரலில் பறிக்கும் முதல் கொழுந்தை ஈரம் வற்ற அதிகம் வாடவிடுவதால் அது முழுமையாக ஆக்சிஜனேற்றம் அடைவதில்லை. கறுப்புத் தேயிலை என்று பெயர் இருந்தாலும் இலையில் பச்சை தெரிவது அதனால்தான். பூவின் மணமும் லேசான துவர்ப்பும் அதன் இயல்பு. மே, ஜூனில் வரும் இரண்டாம் பறிப்புதான் என் விருப்பம். தத்துப்பூச்சியும் இலைப்பேனும் சாறுறிஞ்சிய கொழுந்து, தற்காப்புக்காகச் சுரக்கும் மணப்பொருள்களே பழுத்த திராட்சையை நினைவூட்டும் ‘மஸ்கடெல்’ வாசத்துக்குக் காரணமாகின்றன.

சுவைக்கும்போது, பெரியவர்கள் கண்டித்தாலும், சத்தம் வர உறிஞ்சுங்கள். காற்றோடு சேர்ந்து மணம் மூக்கின் பின்புறத்தை எட்டும். முதல் மிடறில் கருப்பட்டி வேண்டாம். சாயல்குடிக் கருப்பட்டியின் மணத்துக்கு முன் இந்த மென்மையான இலை நிற்காது.

வாங்கும்போது, பொருள் எந்த ஊருக்கு உரியது என்பதைச் சொல்லும் புவிசார் குறியீட்டைப் பாருங்கள். நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023-இல் பெற்ற அந்தக் குறியீட்டை, இந்தியாவில் முதன்முதலாக 2004-இல் பெற்றது டார்ஜிலிங் தேயிலை. வாங்கியதைக் காற்றுப் புகாத தகர டப்பாவில், சிறிது சிறிதாகப் பிரித்து வையுங்கள். இலை ஈரத்தையும் வாசத்தையும் எளிதில் இழுத்துக்கொள்ளும் என்பதால், கருவாடு இருக்கும் அலமாரியில் மட்டும் அந்த டப்பாவை வைத்துவிடாதீர்கள்.