வடக்குப் பார்த்த பால்கனிக்கும் ஒரு பட்டம் உண்டு

எல்லோருக்கும் வணக்கம். உள்ளே வரும்போதே மூன்று பேர் என்னை நிறுத்தி ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். "எங்க பால்கனியில வெயிலே வராது, எதை வெச்சாலும் செத்துப் போகுது." அதனால் மண், உரம் எல்லாம் அப்புறம். முதலில் வெயிலைப் பற்றிப் பேசலாம்.

நான் இருப்பது சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடி. வடக்குப் பார்த்த பால்கனி, பத்தடிக்கு நாலடி. தலைக்கு மேல் மூன்றாம் மாடிக்காரர்களின் பால்கனி. குடிவந்த வருடம் ஐப்பசியில் ஆசையாகத் தக்காளியும் கத்தரியும் வைத்தேன். தண்டு நூல் மாதிரி நீண்டது, இலை வெளிறியது, ஒரு பூ கூட வரவில்லை. நாற்று சரியில்லை என்று இரண்டு முறை மாற்றினேன். மண்புழு உரத்தை அள்ளிப் போட்டேன். எவ்வளவு உரம் போட்டாலும் வெளிச்சம் இல்லாமல் இலையால் உணவு தயாரிக்க முடியாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த சித்திரையில் ஒரு சாயங்காலம் பார்த்தால், பால்கனித் தரையில் பளிச்சென்று வெயில் கிடக்கிறது! மறுநாள் காலையிலும் வந்தது. சாக்பீஸ் எடுத்து, வெயில் எங்கே விழுகிறது, எத்தனை மணிக்குப் போகிறது என்று தரையில் கோடு போட ஆரம்பித்தேன். ஒரு வருடம் போட்டேன். நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அந்தக் கோடுகளில்தான் இருக்கிறது.

காரணம் இதுதான். சென்னை நிலநடுக்கோட்டிலிருந்து 13 டிகிரி வடக்கே இருக்கிறது. சூரியனோ ஜூன் 21 அன்று 23 டிகிரிக்கும் மேலே போய்விடுகிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நம் உச்சந்தலைக்கு மேல் வந்து, அதைத் தாண்டி வடக்கே போய், ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில்தான் திரும்பி வருகிறது. அந்த நாலு மாதமும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே. உச்சி வெயிலை மேல்மாடித் தளம் மறைத்துவிடும். ஆனால் காலையும் மாலையும் சாய்ந்து வரும் வெயில் உள்ளே நுழையும், எதிரே கட்டடம் மறைக்காவிட்டால். பஞ்சாங்கத்தில் உத்தராயணம், தட்சிணாயனம் என்று படிக்கிறோமே, அதைப் பால்கனித் தரையிலேயே பார்க்கலாம். வடக்குப் பால்கனியில் செடி வராது என்று சொல்லும் புத்தகங்கள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அங்கே நண்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கேதான் இருக்கும்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது வயலுக்குச் சொன்னது. நம் பால்கனிக்கு வேறு பட்டம், அதாவது வேறு விதைப்புப் பருவம். வடக்குப் பார்த்தவர்கள் மாசியில் மிளகாய் நாற்று விடுங்கள், சித்திரை வைகாசியில் பூக்கும். மூன்று நான்கு மணி நேர வெயிலுக்கு மிளகாய் ஓரளவு காய்க்கும். தெற்குப் பார்த்தவர்களுக்கு நேர்மாறு. மார்கழி, தை மாதங்களில்தான் வெயில் உள்ளே வரை வரும். புரட்டாசியில் தக்காளி விதையுங்கள். மேலே தளம் இருப்பதால் அடைமழையும் செடி மேல் நேரே கொட்டாது.

சரி, வெயிலே வராத இடம் இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது? நிழலில் விவசாயம் நமக்குப் புதிதில்லை. சோழவந்தானில், ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் பார்த்திருப்பீர்கள். முதலில் அகத்தியை விதைப்பார்கள். அது வளர்ந்து நிழல் கட்டிய பிறகுதான் வெற்றிலைக் கொடியை நட்டு, அகத்தி மேலேயே ஏற்றிக் கட்டுவார்கள். உள்ளே நுழைந்தால் வெளியே இருக்கிற வெக்கை தெரியாது, ஈரக் காற்று அடிக்கும். வேலை மெனக்கெட்டு நிழலை உண்டாக்குகிறார்கள்! நமக்கு அந்த நிழல் ஏற்கெனவே இருக்கிறது. என் பால்கனிக் கம்பியில் நாலு வருடமாக வெற்றிலை படர்ந்திருக்கிறது. வீட்டு விசேஷத்துக்குக் கடையில் வாங்குவதில்லை.

வெளிச்சம் குறைந்தால் பல செடிகள் இலையை அகலமாக, மெல்லியதாக விரிக்கும். காய்க்கிற செடிக்கு அது நஷ்டம், கீரைக்கு லாபம். வல்லாரை, பொன்னாங்கண்ணி, புதினா, கொடிப்பசலை, ஓமவல்லி, பிரியாணிக்குப் போடும் ரம்பை இலை எல்லாம் வரும். எனக்கு ரொம்பப் பிடித்தது தவசிக்கீரை. குச்சியை ஒடித்து நட்டால் போதும், வருடக்கணக்கில் பறிக்கலாம். ஆனால் இதை வேகவைத்து, அளவாகச் சாப்பிடுங்கள். 1990-களில் தைவானில் உடம்பு இளைக்க வேண்டும் என்று இதன் பச்சைச் சாற்றைத் தினமும் குடித்தவர்கள் பலருக்கு நுரையீரல் மோசமாகப் பாதிக்கப்பட்டது. உடம்புக்கு நல்லது என்று யாராவது ஜூஸ் போடச் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

நிழல் செடி சாவது பெரும்பாலும் தண்ணீரால்தான். மொட்டைமாடியில் தினம் இரண்டு வேளை ஊற்றுகிறவர்களைப் பார்த்து நாமும் ஊற்றுகிறோம். நிழலில் மண் காய நாலு நாள் கூட ஆகும். வேர் அழுகினாலும் இலை வாடித் தொங்கும், நாம் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் தண்ணீர் வேண்டாம். தென்னைநார்க் கழிவு தண்ணீரை ரொம்பப் பிடித்துக்கொள்ளும், அதனால் அதைக் குறைத்து, ஆற்று மணலோ உமியோ கூடச் சேருங்கள்.

நம் கண்ணை நம்பாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும். நல்ல வெளிச்சம் என்று நாம் நினைக்கிற அறைக்குள் சில நூறுதான் இருக்கும். கண் பழகிக்கொள்ளும், செடியால் முடியாது. ஓர் அடி உள்ளே தள்ளி வைத்தாலே வித்தியாசம் தெரியும். பக்கச் சுவருக்கு வெள்ளையடியுங்கள், தொட்டியை வாரம் ஒருமுறை திருப்பி வையுங்கள். கனமான தொட்டிகளை மட்டும் கைப்பிடிப் பக்கம் வைக்காமல் வீட்டுச் சுவரோரம் வையுங்கள். ஈர மண்ணின் எடை சாதாரணமில்லை.

கதவுக்குப் பக்கத்தில் ஈரச் சாக்கில் சுற்றித் தவசிக்கீரைக் குச்சியும் ஓமவல்லிக் கொம்பும் வைத்திருக்கிறேன். ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கம் இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கிற மாதிரி இன்றைக்கே நட்டுவிடுங்கள். துளிர் வரும்வரை பிடுங்கிப் பார்க்காதீர்கள். உங்கள் பால்கனி எந்தத் திசை என்று தெரிந்தவர்கள் என்னிடம் வாருங்கள், என்ன வைக்கலாம் என்று உட்கார்ந்து பேசுவோம்.