ஹால்சாண்ட்ஸ்: கல்லை அள்ளினார்கள், ஊர் போயிற்று

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் கடற்கரையில் ஹால்சாண்ட்ஸ் என்றொரு சின்னக் குப்பம் இருந்தது. 1891 கணக்கெடுப்பில் 37 வீடுகள், 159 பேர். நண்டு பிடிப்பதுதான் முக்கியத் தொழில். செங்குத்துச் சரிவுக்கும் கடலுக்கும் நடுவே, ஒடுங்கிய பாறைத்திட்டில் வீடுகள் வரிசையாக நின்றன. பாறை விட்டுப்போன இடங்களில் இறுகிய பழைய மணலின் மேலேயே அடித்தளம் போட்டிருந்தார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடுகளுக்கு முன்னால் கூழாங்கல் மேடாகக் கிடந்தது. அலை அதில் ஏறி உடையும். தண்ணீர் கற்களின் இடுக்கில் இறங்கி, வேகம் அங்கேயே தீர்ந்துவிடும். ஊருக்குக் காவல் அதுதான்.

1897இல், பிளிமத் அருகே கீஹாம் கடற்படைத் துறைமுகத்தை விரிவாக்க, கான்கிரீட்டுக்குக் கல் தேவைப்பட்டது. சர் ஜான் ஜாக்சனின் ஒப்பந்த நிறுவனம் இந்தக் கரையோரத்தில் அள்ள அனுமதி வாங்கியது. ஒரு நாளைக்கு 1,600 டன் வரை அள்ளினார்கள். மீனவர்கள் எதிர்த்தார்கள். தொழில் கெடுவதற்கு ஈடாக அவர்களுக்கு நிறுவனம் ஆண்டுக்கு 125 பவுண்டு கொடுத்தது. அள்ளிய பள்ளத்தைக் கடலே நிரப்பிவிடும் என்று கணக்குப் போட்டதுதான் பெரும் பிழை.

அந்தக் கரையில் ஒரு கைப்பிடி கல்லை எடுத்துப் பார்த்தாலே போதும். அதில் பெரும்பாலும் சிக்கிமுக்கிக் கல்லாக இருக்கும். பின்னால் நிற்கும் மலையோ ஏடு ஏடாகப் பிரியும் பாறை. அது உதிர்ந்து சிக்கிமுக்கி வராது. பனியுகம் முடிந்து கடல்மட்டம் ஏறியபோது, கடலடியில் கிடந்த கற்களை அலை கரைக்குத் தள்ளிச் சேர்த்தது. அதன்பின் புதுக்கல் வர வழியில்லை. வட்டி என்று நினைத்து முதலையே எடுத்துவிட்டார்கள்.

1900க்குள் கரைமட்டம் 7 முதல் 12 அடி வரை தாழ்ந்தது. 1902 ஜனவரியில் அனுமதி ரத்தாவதற்குள் சுமார் 6,50,000 டன் போயிருந்தது. 1903 புயலில் சில வீடுகள் விழுந்தன. பிறகு தடுப்புச்சுவர் கட்டினார்கள். ஆனால் முன்னால் மேடு இல்லாத சுவரில் அலை முழு வேகத்தோடு மோதித் திரும்பும். திரும்பும்போது சுவரின் காலடியையும் அரிக்கும்.

1917 ஜனவரி 26 இரவு கிழக்குக் காற்றும் உயர்ந்த ஓதமும் ஒன்றாக வந்தன. சுவர் உடைந்தது. பாறை இடுக்குகளில் இருந்த அந்தப் பழைய மணலைக் கடல் உருவிக்கொண்டு போக, வீடுகள் சரிந்தன. உயிர்ச்சேதம் இல்லை. ஈட்டுத்தொகைக்கு மீனவர்கள் ஏழு ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

குடியிருக்கத் தக்கதாக மிஞ்சியது ஒரே வீடு. எலிசபெத் பிரெட்டிஜான் என்ற பெண்மணி, 1964இல் இறக்கும்வரை அதில்தான் வாழ்ந்தார்.