நெப்போலியனின் சேனையைத் தின்ற சீலைப்பேன்

(வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, மழையையும் பாராமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேரூராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, வார்டு உறுப்பினர்களே, மேல்நிலைப்பள்ளித் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, என்னை அன்போடு வரவேற்றுத் துண்டு போர்த்திய செயலாளர் தம்பி அவர்களே, தாய்மார்களே, பின்னால் நின்றுகொண்டே கேட்கும் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நெப்போலியனின் வீழ்ச்சியைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று ரஷ்யா, இரண்டு லைப்சிக், மூன்று எல்பா தீவிலிருந்து திரும்பி வந்து அவர் வாட்டர்லூவில் தோற்றது. சுகாதார ஆய்வாளராக முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்று என் அம்மா அடிக்கடி சொல்வார். இந்தச் சக்கரவர்த்தியின் கதையை நான் படித்ததெல்லாம் அந்தப் பழமொழியை மனதில் வைத்துத்தான்.

1812 ஜூன் 24ஆம் தேதி நெப்போலியனின் படை ரஷ்ய எல்லையில் இருந்த நீமன் ஆற்றைக் கடந்தது. அந்தப் படையெடுப்பில் மொத்தம் சுமார் 6 லட்சம் பேர். ரஷ்யக் குளிர்தான் அவர்களைக் கொன்றது என்று நாம் பள்ளியில் படித்தோம். குளிர் கொன்றது உண்மைதான். ஆனால் பனி விழுவதற்கு முன்னாலேயே, ஜூலை ஆகஸ்ட் வெயிலிலேயே, பட்டினியாலும் பேதியாலும் காய்ச்சலாலும் ஆயிரக்கணக்கானவர்கள் வழியில் விழுந்துவிட்டார்கள். 2001இல் லிதுவேனியாவின் வில்னியஸ் நகரில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது ஒரே இடத்தில் 3,000 பேருக்கு மேல் புதைந்திருந்தது தெரியவந்தது. சீருடைப் பொத்தான்களைப் பார்த்து நெப்போலியனின் வீரர்கள் என்று கண்டுகொண்டார்கள். அந்த மண்ணில் சீலைப்பேன் இருந்தது, ஐயா. தலைப்பேன் அல்ல, துவைக்காத துணியின் தையலில் குடியிருக்கிற பேன். அது பரப்பும் காய்ச்சல்களின் தடயமும் கிடைத்தது. 2025இல் வெளியான ஆய்வில் சில வீரர்களின் பற்களில், டைபாய்டு போன்ற காய்ச்சலான பாராடைபாய்டின் கிருமித் தடமும் தெரிந்தது. பாராடைபாய்டு எப்படி வரும்? மலம் கலந்த தண்ணீரால், சோற்றால் வரும். பீரங்கிக்குத் தப்பியவனைக் குடிதண்ணீர் கொன்றிருக்கிறது.

அடுத்து ஜெர்மனியின் லைப்சிக் நகரம். 1813 அக்டோபர் 16 முதல் 19 வரை, இரண்டு பக்கமும் சேர்த்து 5 லட்சம் பேர் மோதிய போர். பின்வாங்கும்போது ஆற்றுப் பாலத்தை நேரம் வருமுன்னே வெடிவைத்துத் தகர்த்துவிட்டதால் ஆயிரக்கணக்கானவர்கள் இக்கரையில் சிக்கிக்கொண்டார்கள். என் மனதில் நிற்பவர் ரைல் என்ற ஜெர்மானிய மருத்துவர். காயம்பட்டவர்களைப் பார்க்கப் போனவர் ஒரு பள்ளிக்கூட முற்றத்தில் கண்டதை எழுதிவைத்தார்: குப்பைமேட்டோடு கிடந்த பிணங்களை நாயும் காகமும் தின்றுகொண்டிருந்தன. அடுத்த மாதமே ரைலும், சீலைப்பேன் பரப்பும் டைஃபஸ் காய்ச்சலில் இறந்துபோனார். பள்ளிக்கூட முற்றம் என்று சொன்னேன், அதை நினைவில் வையுங்கள்.

1814இல் பாரிஸ் விழுந்தது, நெப்போலியன் முடி துறந்தார், அவரை எல்பா தீவுக்கு அனுப்பினார்கள். அந்தச் சின்னத் தீவில் போய் என்ன செய்தார் தெரியுமா? சாலை போட்டார், ஊர்த் தெருக்களில் குப்பை அள்ள ஏற்பாடு செய்தார்!

அப்புறம் நடந்ததை விரிவாகச் சொல்லாமல் இருக்க முடியாது. 1815 மார்ச் 1, எல்பாவிலிருந்து தப்பி சுமார் 1,000 பேரோடு பிரான்ஸ் கரையில் இறங்குகிறார். மலைப்பாதையில் நடக்கிறார். மார்ச் 7, லாஃப்ரே என்ற ஊர். ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் மலைச்சரிவு, நடுவில் பாதை. பாதையை அடைத்துக்கொண்டு, இவருக்குப் பின் பிரான்சில் ஆட்சிக்கு வந்த மன்னரின் 5ஆம் படைப்பிரிவு நிற்கிறது. நெப்போலியன் தன் ஆட்களைத் துப்பாக்கியைக் கீழே பார்க்கப் பிடிக்கச் சொல்லிவிட்டு, சாம்பல் நிற மேலங்கியோடு தனியாக முன்னால் வருகிறார். எதிரில் ஓர் அதிகாரி “சுடு” என்று கத்துகிறார். யாரும் சுடவில்லை. துப்பாக்கி பிடித்த கைகள் நடுங்குகின்றன. இவர் இன்னும் நெருங்கி வந்து மேலங்கியை விரித்து மார்பைக் காட்டுகிறார். அவர் சொன்னதைப் பலர் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். சாரம் இதுதான்: “உங்கள் சக்கரவர்த்தியைக் கொல்ல விரும்புகிறவன் உங்களில் இருந்தால், இதோ நிற்கிறேன்!” ஒரு நொடி மௌனம். பிறகு “சக்கரவர்த்தி வாழ்க!” என்ற முழக்கம். சுட வந்தவர்கள் ஓடிவந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவரை இரும்புக் கூண்டில் அடைத்துக் கொண்டுவருகிறேன் என்று மன்னரிடம் சொல்லிப் புறப்பட்ட தளபதி நேயும் சில நாளில் இவர் பக்கமே சேர்ந்தார். மார்ச் 20, பாரிஸ் அவர் கையில்.

அப்படிப்பட்டவர் ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் தோற்றார். முந்தைய இரவு மழை, காலையில் சேறு, தன் தளபதி குரூஷியிடம் கொடுத்த 33,000 பேர் வேறு பக்கம், மாலையில் எதிரிக்குத் துணையாகப் பிரஷ்யப் படை வந்துவிட்டது. ஆனால் நான் கேட்பது வேறு. எத்தனையோ போர் கண்ட அந்தப் பழைய வீரர்களில் பலர் எங்கே? வில்னியஸ் மண்ணில், லைப்சிக் மண்ணில். சுவர் 1812லேயே இடிந்துவிட்டது. அப்புறம் சித்திரத்தை எதில் எழுதுவது?

இப்போது பள்ளிக்கூட முற்றத்துக்கு வருகிறேன். நான் வேலையில் இருந்தபோது பார்த்த ஒரு பள்ளி, பெயர் வேண்டாம். பிள்ளைகளுக்குக் கழிப்பறை ஆறு. தண்ணீர் வந்தது ஒன்றில்தான். ஏழாம் வகுப்புப் பெண் குழந்தை ஒருத்தி என்னிடம், “காலையிலிருந்து தண்ணி குடிக்க மாட்டேன் சார், குடிச்சா போகணுமே” என்றாள். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. சுவரை வைத்துத்தானே சித்திரம்? அந்தப் பிள்ளை தாகத்தோடு உட்கார்ந்து எதைப் படிக்கும்?

தலைவர் அம்மா இங்கே இருக்கிறீர்கள், தலைமையாசிரியர் ஐயாவும் இருக்கிறீர்கள். நம் ஊர்ப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் எல்லாக் கழிப்பறைக்கும் தண்ணீர்த் தொட்டியும் குழாயும் வேண்டும், கை கழுவச் சோப்பு வேண்டும், நாள் தவறாமல் சுத்தம் செய்யும் தூய்மைப் பணியாளருக்கு ஒழுங்கான சம்பளம் வேண்டும். மனு எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். வாசலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது, பேனாவையும் நூலில் கட்டி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள்.