எல் டொராடோ 15: ஒரு டெமரேரா ரம்மை எப்படி ருசிப்பது

[காட்சி: மேசையில் ஒரு பாட்டில், பக்கத்தில் வாய் குறுகிய சின்ன கண்ணாடிக் கோப்பை]

பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால் கோலாவை எடுத்து அந்தப் பக்கம் வைத்துவிடுங்கள். ஐஸும் வேண்டாம்.

இது எல் டொராடோ 15, கயானா நாட்டு ரம். கயானா இருப்பது தென் அமெரிக்க நிலப்பரப்பில், ஆனால் கிரிக்கெட்டில் வெஸ்ட் இண்டீஸோடு சேர்ந்து ஆடுவதுபோல ரம்மிலும் அது கரீபியன் குடும்பம்தான். டெமரேரா ஆற்றங்கரையில் டயமண்ட் என்ற இடத்தில் காய்ச்சுகிறார்கள், அதனால் டெமரேரா ரம்.

நான் ஏன் இதை எடுத்தேன் என்றால், பொதுவாக ரம்முக்கு மரவாசனை ஒரே இடத்திலிருந்துதான் வரும், பீப்பாயிலிருந்து. இதற்கு மரம் இரண்டு தடவை படுகிறது, காய்ச்சும் கலனில் ஒரு தடவை, பீப்பாயில் ஒரு தடவை. இந்த இரண்டையும் உங்கள் மூக்கு பிரித்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டால் இந்த பாட்டிலுக்குக் கொடுத்த காசு வீணில்லை.

[காட்சி: மரக் கலனின் வரைபடம்]

சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸில் ஊறல் போட்டு, அதைக் காய்ச்சி வடித்தால் ரம். பெரும்பாலும் செம்புக் கலனிலோ எஃகுக் கலனிலோ காய்ச்சுவார்கள். டயமண்டில் கிரீன்ஹார்ட் என்ற கயானா காட்டு மரத்தில் செய்த மூன்று கலன்கள் இன்னும் ஓடுகின்றன: போர்ட் மோரண்ட், வெர்சாய், என்மோர். முதல் இரண்டும் அண்டா மாதிரி, என்மோர் மட்டும் உயரமான காஃபி கலன் (குடிக்கிற காபி இல்லை, 1830இல் அந்த வகைக்குக் காப்புரிமை வாங்கிய ஏனியஸ் காஃபியின் பெயர்). மூன்றும் முன்பு வேறு வேறு கரும்புத் தோட்டங்களில் இருந்தவை, ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது கலன்களை மட்டும் கழற்றிக் காப்பாற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். போர்ட் மோரண்ட் கலன் 1732ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று கம்பெனி சொல்கிறது, பலகைகளை அவ்வப்போது மாற்றித்தான் ஆகவேண்டும் என்றாலும் வடிவம் அதேதான். வெஸ்ட் இண்டீஸ் பேட்ஸ்மேன் ரோஹன் கன்ஹாய் பிறந்த அதே போர்ட் மோரண்ட். 1838க்குப் பிறகு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏறியவர்கள் கரும்பு வெட்டிய நாடு இது, சென்னையிலிருந்து போன தமிழர்களும் அதில் உண்டு, அங்கே இன்றும் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன.

அப்புறம் அந்த 15. கலவையில் இருப்பதிலேயே இளைய ரம்முக்கு வயது 15 என்று அர்த்தம், சராசரி இல்லை. வெறும் எண்ணை மட்டும் பெரிதாக அச்சடித்து, பக்கத்தில் ஆண்டு என்ற சொல்லே இல்லாத லேபிள்களும் கடையில் உண்டு, அதை நம்பி வாங்காதீர்கள். பீப்பாயில் இருக்கும்போது ஸ்காட்லாந்தில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகும், கரீபியன் வெயிலில் 6 சதவீதம், அதற்கு மேலும் போகும். 100 லிட்டர் ஊற்றினால் 15 வருடம் கழித்து 40 லிட்டர் மிஞ்சும், அவ்வளவுதான்.

[காட்சி: கோப்பையில் ஊற்றுதல்]

30 மில்லி போதும். ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் தொடாதீர்கள். நிறத்தைப் பார்த்து வயதைக் கணிக்கவும் வேண்டாம், கேரமல் சேர்த்து நிறத்தைக் கூட்டுவது ரம் தொழிலில் சகஜம்.

இப்போது மணம். ஒயினுக்குச் செய்வதுபோல மூக்கைக் கோப்பைக்குள் விட்டால் ஆல்கஹால் சுள்ளென்று ஏறி அடுத்த சில நிமிடங்களுக்கு வேறு எதுவுமே தெரியாது. கோப்பையை மோவாய்க்கு நேரே பிடித்து, வாயை லேசாகத் திறந்தபடி, மெதுவாக மேலே கொண்டுவாருங்கள். முதலில் வெல்லம் முறுகிய வாசனையும் உலர்திராட்சையும் வரும். அதற்குக் கீழே தேடுங்கள். அதிமதுரம், அன்னாசிப்பூ, கொஞ்சம் மண்வாடை கலந்த கனமான ஒன்று வருகிறதா? எனக்கு அதுதான் போர்ட் மோரண்ட். புதிதாகச் சீவிய பென்சில் மாதிரி வந்தால் என்மோர். வெனிலா, தேங்காய், கிராம்பு இதெல்லாம் பீப்பாய் தருவது, முன்பு அமெரிக்க பர்பன் விஸ்கி இருந்த ஓக் பீப்பாய்.

முதல் வாய் ருசிப்பதற்கு இல்லை, நாக்கைப் பழக்குவதற்கு. கால் ஸ்பூன் அளவு போதும். இரண்டாவது வாயை நாக்கின் மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கி, மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். அந்த மூச்சில்தான் மரம் தெரியும்.

இனிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வடித்த ரம்மில் சர்க்கரை இருக்காது. உதடு பிசுபிசுத்தால், தேன் குடித்த மாதிரி தொண்டை வழவழத்தால், பின்னால் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இது ரம் உலகில் பெரிய சண்டை, பார்படோஸின் ஃபோர்ஸ்குவேர் ஆலையை நடத்தும் ரிச்சர்ட் சீல் இதை வெளிப்படையாக எதிர்ப்பவர், நானும் அவர் பக்கம்தான். எல் டொராடோ 15இலும் அந்த வழவழப்பு எனக்குத் தெரிகிறது, கொஞ்சம் குறைத்திருந்தால் மரம் இன்னும் தெளிவாகப் பேசியிருக்கும்.

சரி, பாதி ஆனதும் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகர்ந்து பாருங்கள். எனக்குச் சூடு தணிந்து சோம்பு மேலே வந்தது.

குடித்து முடித்த கோப்பையை ராத்திரி கழுவ வேண்டாம். காலையில் எடுத்து முகர்ந்து பாருங்கள், ஆல்கஹாலும் வெல்லமும் போயிருக்கும், காய்ந்த புகையிலையும் ஈர மரமும் மட்டும் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும்.