பாட்டிக்கும் பேத்திக்கும் ஒரே படகு: தீம் பார்க் ரசிகர்களின் தலைமுறைச் சண்டை

[திரையில்: ஊதா நிறக் குட்டி டிராகன் வடிவில் ஒரு பாப்கார்ன் வாளி]

2022 ஜனவரியில், அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள டிஸ்னி நிறுவனத்தின் எப்காட் பூங்காவில், ஒரு பாப்கார்ன் வாளிக்காக மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். வாளியின் உருவம் ஃபிக்மென்ட் என்னும் ஊதா நிற டிராகன். எந்தத் திரைப்படத்திலும் பிறந்த பாத்திரம் அல்ல அது. 1983இல் எப்காட்டில் திறந்த ஒரு சவாரிக்காகவே படைக்கப்பட்டது. செந்தாடி வைத்த கனவுக்காரர் ஒருவரோடு சேர்ந்து, கற்பனை எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டும். 1998இல் அந்தச் சவாரியை மூடினார்கள். மறு ஆண்டு மாற்றித் திறந்தபோது கனவுக்காரரைக் காணவில்லை. டிராகன் பேருக்குத் தலைகாட்டியதோடு சரி. ரசிகர்கள் விடவில்லை. புகார்கள் குவிந்தன. 2002இல் டிராகன் திரும்பி வந்தது.

1983இல் 7 வயதில் அந்தச் சவாரியில் உட்கார்ந்த பிள்ளைக்கு 2022இல் 46 வயது. அந்த வரிசையின் படங்களில் தெரியும் முகங்கள் பெரும்பாலும் வளர்ந்தவர்களின் முகங்கள்தான். ஒரு பிளாஸ்டிக் வாளிக்காக இவ்வளவு பாடா என்று வெளியிலிருந்து கேட்பது சுலபம். அவர்களை அங்கே நிறுத்தியது, கையைப் பிடித்துத் தங்களை முதன்முதலாக அந்தச் சவாரிக்குள் கூட்டிப்போன ஒருவரின் நினைவு என்றே நான் நம்புகிறேன். தீம் பார்க் ரசிகர்களின் விசுவாசம் பூங்காவின் மீது இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அது அழைத்துப்போனவரின் மீதான விசுவாசம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் அவர்கள் ஏன் தலைமுறை தலைமுறையாகக் கட்சி கட்டுகிறார்கள் என்பது விளங்கும்.

[திரையில்: வெவ்வேறு பத்தாண்டுகளின் பூங்கா வரைபடங்கள், ஒன்றன் மேல் ஒன்றாக]

மூத்த ரசிகர்களின் குறை எப்போதும் ஒன்றுதான்: அசல் பூங்கா போய்விட்டது. எது அசல் என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொருவரும் தமக்கு ஏழெட்டு வயதாக இருந்த ஆண்டைச் சொல்வார்கள்.

புளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்டு 1971 அக்டோபர் 1 அன்று திறந்தபோது, மிஸ்டர் டோடு என்ற தேரையின் கார்ச் சவாரியும் அதில் இருந்தது. அதை மூடப்போகிறார்கள் என்ற செய்தி 1997இல் பரவியதும், ரசிகர்கள் பூங்காவுக்குள்ளேயே கூடி எதிர்ப்பைக் காட்டினார்கள். பலனில்லை. 1998 செப்டம்பரில் மூடிவிட்டு, மறு ஆண்டு அதே இடத்தில் வின்னி த பூ கரடிக்குட்டியின் சவாரியைத் திறந்தார்கள். ஆனால் கட்டியவர்களுக்கும் மனம் இருந்தது. புதிய சவாரியில் ஆந்தையின் வீட்டைக் கடக்கும்போது சுவரைக் கவனியுங்கள். சட்டமிட்ட சிறிய படம் ஒன்று இருக்கிறது. தேரை தன் வீட்டுப் பத்திரத்தை ஆந்தையின் கையில் ஒப்படைத்துக்கொண்டிருக்கும். வண்டி நகர்ந்துகொண்டே இருப்பதால், தெரிந்தவர்கள் மட்டும் தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு விரல் நீட்டிக் காட்டுவார்கள். குடும்பங்களில் பூங்காவின் வரலாறு கைமாறுவது இப்படித்தான். 1999இல் கரடிக்குட்டியைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்று தங்கள் பிள்ளைகளை அழைத்துவருகிறார்கள். நாளைக்கு அந்தக் கரடியை எடுத்தால் கொடி பிடிக்கப்போவது அவர்கள்தான்.

இதைவிட அடுக்கடுக்கான கதை கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் இருக்கிறது. அங்கே சுழலும் அரங்கு ஒன்றில் 1967 முதல் 1973 வரை, வீட்டு மின்சாதனங்களின் வளர்ச்சியைச் சொல்லும் காட்சி நடந்தது. 1974இல் அதே அரங்கில் விலங்குப் பொம்மைகள் பாடும் 'அமெரிக்கா சிங்ஸ்' வந்தது. 1988இல் அதுவும் நின்றது. அதிலிருந்த இயந்திர விலங்குகளில் பலவற்றை எடுத்து, 1989இல் ஸ்பிளாஷ் மவுண்டன் என்ற மரக்கட்டைப் படகுச் சவாரியில் வைத்தார்கள். அந்தச் சவாரியின் கதையோ 1946இல் வெளிவந்த 'சாங் ஆஃப் தி சவுத்' படத்தைச் சேர்ந்தது. கறுப்பின மக்களைச் சித்திரித்த விதத்துக்காக வெளிவந்த ஆண்டிலேயே கண்டனத்தைச் சந்தித்த படம் அது. அமெரிக்காவில் இல்லத் திரைக்கான வடிவில் அதை நிறுவனம் ஒருபோதும் வெளியிட்டதில்லை. 2020 ஜூனில், சவாரியின் கதையை மாற்றப்போவதாக அறிவித்தார்கள். கலிஃபோர்னியா, புளோரிடா ஆகிய இரண்டு பூங்காக்களிலும் 2023இல் மூடி, டிஸ்னி படத்தின் கறுப்பின இளவரசி டியானாவின் (Tiana) கதையோடு 2024இல் திறந்தார்கள். புளோரிடாவில் மூடியபோது, அந்தச் சவாரியின் தண்ணீர் என்று சொல்லிப் பாட்டில்களில் விற்பனைக்கு வைத்தவர்களும் உண்டு.

இந்தச் சண்டையில் இரண்டு தலைமுறைகளும் ஒன்றையொன்று புண்படுத்திக்கொண்டன. எதிர்த்தவர்கள் எல்லாரையும் இனவெறியர்கள் என்று முத்திரை குத்தியது அநியாயம். அவர்களில் பலர் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை, அப்பாவோடு கடைசிச் சரிவில் கூச்சலிட்டது மட்டுமே அவர்கள் அறிந்த கதை. அதே சமயம், ஒரு கறுப்பினக் குடும்பம் தன் பிள்ளையை எந்த உறுத்தலும் இல்லாமல் அந்தப் படகில் ஏற்ற வேண்டும் என்று விரும்புவதை நேற்று முளைத்த நாகரிகம் என்று தள்ளிவிட முடியாது. மாற்றியது சரி என்பதே என் முடிவு. கால்வாய் அதேதான், சரிவும் அதேதான். அப்பாவும் மகளும் முன்பு போலவே முன்னும் பின்னுமாக உட்கார்ந்து நனையலாம்.

[திரையில்: பூங்கா ஒன்றின் மரப் பெஞ்சு, எதிரே குதிரை ராட்டினம்]

இனி, சண்டையில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிற விஷயத்துக்கு வருகிறேன்.

டிஸ்னிலேண்ட் 1955 ஜூலை 17 அன்று திறந்தது. அந்த எண்ணம் எப்படிப் பிறந்தது என்பதை வால்ட் டிஸ்னியே சொல்லியிருக்கிறார். லாஸ் ஏஞ்சலிஸின் கிரிஃபித் பூங்காவில் தன் இரண்டு மகள்களைக் குதிரை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, அவர் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது அங்கேதான். பிள்ளைகள் ஆட, பெரியவர்கள் காத்திருக்கும் நிலையை ஒழிப்பதே நோக்கம்.

அந்த நோக்கம் முழுமையாக நிறைவேறியது இருட்டுக்குள் மெல்ல நகரும் படகுகளிலும் வண்டிகளிலும்தான். 1967இல் திறந்த கடற்கொள்ளையர் சவாரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு உயர வரம்பு கிடையாது. கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பாட்டி உட்காரலாம். சிறிய சரிவில் படகு இறங்கும்போது நடுவயதுக்காரர் சிரிப்பார், பிள்ளை அவர் சட்டையைப் பற்றிக்கொள்ளும். அங்கேயும் மாற்றம் வந்தது. பெண்களை ஏலம் விடும் காட்சியைத் திருத்தி, ஏலத்தில் நின்ற செந்தலைப் பெண்ணையே 2018இல் கொள்ளைக்காரியாக்கினார்கள். முணுமுணுப்புகள் எழுந்தன. ஆனாலும் படகு நிரம்பித்தான் போகிறது, ஏனென்றால் வீட்டில் எவரையும் அது வெளியே நிறுத்துவதில்லை.

இதற்கு நேர்மாறான காட்சி ரோலர் கோஸ்டர் வாசலில் நடக்கும். அங்கே ஓர் உயரக் கோல் இருக்கும். டிஸ்னிலேண்டின் பிக் தண்டர் மவுண்டனுக்கு 102 செ.மீ., புளோரிடாவின் ஸ்பேஸ் மவுண்டனுக்கு 112 செ.மீ. பிள்ளை முதுகை நிமிர்த்தி, கழுத்தை நீட்டி, குதிகாலைக் கொஞ்சம் உயர்த்தப் பார்க்கும். ஊழியர் தோளில் கைவைத்து, பாதத்தைத் தரையில் பதிக்கச் சொல்வார். கோல் தலையில் படவில்லை என்றால் முகம் சுருங்கிப்போகும். பட்டுவிட்டால் குடும்பமே கைதட்டும். ரசிகர் குடும்பங்களில் இது சடங்குக்குச் சமம். எந்த ஆண்டில் எந்தச் சவாரிக்கு உயரம் எட்டியது என்பதைப் பிறந்தநாளைப் போல ஞாபகம் வைத்திருப்பார்கள். உயரம் போதாத பிள்ளையோடு பெற்றோரில் ஒருவர் வெளியே இருக்க, மற்றவர் போய்வந்தபின் மாறிக்கொள்ளும் ஏற்பாடும் பூங்காக்களில் இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒருவர் மறுபடியும் பெஞ்சுக்குப் போய்விட்டார் அல்லவா?

வேகமான சவாரிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிட்ஸ்பர்க் அருகே கென்னிவுட் என்ற பூங்கா இருக்கிறது. 1898இல் டிராம் நிறுவனம் ஒன்று தொடங்கியது. அங்கே 1920இல் கட்டிய ஜாக் ராபிட் மர ரோலர் கோஸ்டர் இன்றும் ஓடுகிறது. சுற்று வட்டாரப் பள்ளிகளுக்கும் ஊர்களுக்கும் ஆளுக்கொரு சுற்றுலா நாள் ஒதுக்குவது அங்கே வழிவழியாக வந்த பழக்கம். கொள்ளுத்தாத்தா ஏறிய அதே தடத்தில் கொள்ளுப்பேரன் ஏறுகிறான். ஒரு நூற்றாண்டு அதை நடத்திய குடும்பங்கள் 2007இல் ஸ்பெயின் நாட்டு நிறுவனத்துக்கு விற்றபோது, உள்ளூர்க்காரர்கள் தங்கள் வீட்டுச் சொத்து கைமாறியதைப் போலக் கவலைப்பட்டார்கள். சட்டப்படி அவர்களுக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது. நான்கு தலைமுறை வந்துபோன இடத்தில் உரிமை தானாக ஊறிவிடுகிறது.

[திரையில்: கல்லால் செய்தது போன்ற பருத்த முகம், அகலத் திறந்த வாய்]

நெதர்லாந்தின் எஃப்டெலிங் பூங்கா இந்த விஷயத்தைக் கையாளும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். அதை நடத்துவது பங்குச் சந்தை நிறுவனம் அல்ல. அதன் உடைமை ஓர் அறக்கட்டளையிடம் இருக்கிறது. ஓவியர் ஆன்டன் பீக் வரைந்த தேவதைக் கதைக் காடு 1952இல் திறந்தது. நடந்தே பார்க்கலாம், தள்ளுவண்டியில் குழந்தையும் வரலாம், கைத்தடியோடு தாத்தாவும் வரலாம். பூங்காவில் ஆங்காங்கே ஒரு பெருந்தீனிக்காரனின் சிலை வாயைத் திறந்துகொண்டு, காகிதத்தை இங்கே போடு என்று குரல் கொடுக்கும். பிள்ளைகள் கீழே கிடக்கும் காகிதங்களைத் தேடிப் பொறுக்கி அதன் வாயருகே கொண்டுபோவார்கள். உள்ளே காற்று அதை இழுத்துக்கொள்ளும்; நன்றி என்று சிலை சொல்லும். குப்பைத் தொட்டிதான். ஆனால் அதற்குத் தீனி போட்ட பிள்ளைகள் இன்று தாத்தா பாட்டிகளாகி, பேரப்பிள்ளையைத் தூக்கிப்பிடித்துத் தீனி போடவைக்கிறார்கள்.

அங்கேயும் 1978 முதல் இருந்த பேய்க் கோட்டையை 2022 செப்டம்பரில் மூடினார்கள். வருத்தம் குறைவாக இல்லை. 2024 அக்டோபர் 31 அன்று அதே இடத்தில் புதிய பேய்ச் சவாரி திறந்தது. பழைய கோட்டையில் ஒலித்த, பிரெஞ்சு இசையமைப்பாளர் சான்-சான்ஸின் 'டான்ஸ் மக்காப்ர' இசையே அதன் ஆதாரம், பெயரும் அதுவே. பழையவர்களுக்கு இசை, புதியவர்களுக்குச் சவாரி. இடித்தே தீர வேண்டுமென்றால் இடிக்க இதுதான் மரியாதையான வழி.

குடும்ப விசுவாசத்தைப் பற்றிப் பேசும்போது, பிள்ளை இல்லாமல் வரும் பெரியவர்களையும் சொல்ல வேண்டும். 'டிஸ்னி அடல்ட்' என்று அவர்களைக் கேலி செய்வது இப்போது சகஜமாகிவிட்டது. அந்தக் கேலி எனக்கு எரிச்சலூட்டுகிறது. பிள்ளை இல்லாதவருக்கும் பெற்றோர் உண்டு. இறந்துபோன அம்மாவோடு கடைசியாகச் சிரித்த இடத்துக்கு ஒருவர் தனியாகப் போய் உட்கார்ந்தால், யாருக்கு என்ன நஷ்டம்?

காசைப் பற்றி ஒரு வார்த்தை. 1955இல் டிஸ்னிலேண்டின் நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 1 டாலர், பிள்ளைகளுக்கு 50 சென்ட். சவாரிகளுக்குத் தனி டிக்கெட். இன்று நெரிசலான நாட்களில் ஒரு நாள் டிக்கெட்டே 200 டாலருக்கு மேல். விலைவாசி உயர்வைக் கழித்தாலும் இடைவெளி பெரிதுதான். நீண்ட வரிசையில் நிற்காமல் சவாரியில் ஏற 1999இல் வந்த முன்பதிவுச் சீட்டு முறை இலவசமாக இருந்தது. வீட்டில் ஒருவர் எல்லோருடைய டிக்கெட்டையும் வாங்கிக்கொண்டு இயந்திரத்தைத் தேடி ஓடுவார், அது பெரும்பாலும் அப்பாவின் வேலை. 2021 முதல் வரிசையைத் தாண்டக் கட்டணம். மூன்று தலைமுறையும் சேர்ந்து வருவது மூன்று மடங்குச் செலவு என்றால், முதலில் வீட்டில் விடப்படுபவர் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

[திரையில்: ஆற்றில் வெள்ளை நிறத் துடுப்புச்சக்கரப் படகு]

கடைசியாக, இப்போது கொதித்துக்கொண்டிருக்கும் விவகாரம். புளோரிடாவில் டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் 1971 முதல் ஓடிய செயற்கை ஆற்றையும் அதன் நடுவிலிருந்த தீவையும் ஆற்றில் சுற்றிவந்த துடுப்புச்சக்கரப் படகையும் 2025 ஜூலை 6க்குப் பிறகு மூடிவிட்டார்கள். அங்கே 2006இல் தொடங்கிய 'கார்ஸ்' படங்களை வைத்துப் புதிய பகுதி வருகிறது. ஆற்றோடு வளர்ந்தவர்கள் துக்கம் அனுசரிக்கிறார்கள். அந்தப் படங்களோடு வளர்ந்தவர்கள், காலியாகக் கிடந்த படகுக்கு ஏன் இவ்வளவு அழுகை என்கிறார்கள். எந்தக் கதை என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. பேசும் கார்களும் ஒரு தலைமுறையின் செல்லங்கள்தான். ஆனால் அந்தத் துடுப்புச்சக்கரப் படகில் எவர் வேண்டுமானாலும் ஏற முடிந்தது, கால் வலிக்கும் பாட்டி கைப்பிடிக் கம்பி ஓரமாக நின்று பேத்திக்குக் கரையைக் காட்ட முடிந்தது. அறிவிப்பிலோ இரண்டு சவாரிகள் இருக்கின்றன: கரடுமுரடான மலைப்பாதையில் பாயும் கார்ப் பந்தயம் ஒன்று, சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கென்று தனியாக இன்னொன்று. ரசிகர்கள் கேள்வி கேட்க வேண்டிய இடம் இதுதான். அந்த இரண்டு வரிசைகளில் பாட்டி எதில் நிற்பார்?