பழைய நிலையா, புதிய நிலையா? துப்பாக்கி சுடுதல் பற்றி வண்ணாரப்பேட்டையில் ஆற்றிய உரை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வாழ்த்துரை வழங்கி அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, காலையிலிருந்து நாற்காலி போட்ட கேரம் சங்கத் தோழர்களே, முன்வரிசையில் சீருடையோடு அமர்ந்திருக்கும் என்.சி.சி. பிள்ளைகளே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். மைக் செட் அண்ணனுக்கும் இப்போதே நன்றி சொல்லிவிடுகிறேன். பாதியில் அணைத்துவிடக் கூடாது பாருங்கள்!

நின்று சுடுவது, படுத்துச் சுடுவது, மண்டியிட்டுச் சுடுவது. மூன்றிலும் பழைய முறை எது, புதிய முறை எது என்று பேசப் பணித்திருக்கிறார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். குறி தவறியதும் துப்பாக்கியைத் திட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது அதுதான். முதலில் காலைப் பாருங்கள்.

வலக்கைக்காரரை வைத்தே சொல்கிறேன். பழைய பட்டாள முறையில் இடக்கை முன்னே நீண்டு துப்பாக்கியைத் தாங்கும், வலது முழங்கை தோள் உயரத்துக்கு எழும்பும், உடம்பு முன்னால் சாயும். .303 ரைபிள் தோளில் உதைக்கிற உதைக்கு அது வேண்டும். காற்றழுத்தத்தால் குண்டைத் தள்ளும் ஏர் ரைபிளில் உதை இல்லை என்றே சொல்லலாம். அங்கே பாரம்தான் எதிரி: ஐந்தரைக் கிலோ வரை துப்பாக்கி, 75 நிமிடத்தில் 60 குண்டு, பத்துப் புள்ளிக்கான பொட்டு வெறும் அரை மில்லிமீட்டர். தசையால் தூக்கினால் கை நடுங்கும், குறி மேலும் கீழும் அலையும். அதனால் பாதங்கள் தோள் அகலத்தில், இலக்குக்குப் பக்கவாட்டில். இடுப்பை இலக்குப் பக்கம் தள்ளி, இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றி, முதுகைச் சற்றுப் பின்னால் சாய்க்க வேண்டும். பாரம் எலும்பு வழியாகத் தரைக்கு இறங்கும். தலை நிமிர்ந்தே இருக்கட்டும். கழுத்தை நீட்டினால் கண் சீக்கிரம் களைத்துவிடும்.

குறி பார்த்தபின் கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறந்து பாருங்கள். குறி விலகியிருந்தால் கையால் இழுக்காதீர்கள், பாதத்தை நகர்த்துங்கள். கையால் இழுத்தால் விசையை அழுத்தும் நொடியில் தசை தளர்ந்து, குழல் பழைய இடத்துக்கே ஓடிவிடும்.

நம் நாட்டு ஏர் ரைபிள் வீரர் அபிநவ் பிந்த்ரா கதை தெரியுமா? 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக். தகுதிச் சுற்றில் 600-க்கு 597 எடுத்தவர் இறுதிச் சுற்றில் ஏழாவது இடத்துக்குப் போனார். அவர் நின்ற இடத்தில் தரை ஓடு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது! ஆடத் தெரிந்தவருக்கே அன்று கூடம் கோணல். மனிதர் புலம்பிக்கொண்டு உட்காரவில்லை. பெய்ஜிங் அரங்கம் பெரியது என்று தெரிந்ததும் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பயிற்சி செய்தார். ஆமாம் தாய்மார்களே, நாம் பந்தியில் அப்பளம் கேட்கிற அதே கல்யாண மண்டபம்! 2008-இல் பெய்ஜிங்கில் இறுதிச் சுற்றுக்கு முன் சோதனைக்குச் சுட்ட குண்டு நாலாம் வளையத்தில் விழுந்தது. பதறாமல் குறிகாட்டியைத் திருத்தினார். கடைசிக் குண்டுக்கு முன் பின்லாந்து வீரரும் அவரும் சமநிலை. பிந்த்ரா 10.8, பின்லாந்து வீரர் 9.7. ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தனிநபர் தங்கம். (கைதட்டல்)

படுத்துச் சுடுவதில் பழைய முறை, இரு கால்களையும் நீட்டி விரித்து வயிற்றைத் தரையில் அழுத்துவது. மூச்சும் நாடித்துடிப்பும் குழலை ஆட்டும். புதிய முறையில் வலது முழங்காலை மடக்கி மேலே இழுத்தால் வயிறு தரையை விட்டு எழும்பும், மூச்சு தாராளமாகும். என்.சி.சி. பிள்ளைகள் இன்றைக்கே செய்து பார்க்கலாம்.

மண்டியிடுவதற்கு வருவதற்குள் தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். பரவாயில்லை, கோரிக்கையைச் சொல்லிவிடுகிறேன். லண்டன் ஒலிம்பிக்கில் 2012-இல் ஏர் ரைபிளில் வெண்கலம் வென்ற ககன் நாரங் பிறந்தது இதே சென்னையில். குத்துச்சண்டைக்கும் கால்பந்துக்கும் கேரமுக்கும் பேர்போன வடசென்னைப் பிள்ளைகளுக்குக் கோணல் என்று குறை சொல்லவாவது ஒரு கூடம் வேண்டாமா? கேட்பது பெரிதல்ல. சுடும் கோட்டிலிருந்து இலக்கு 10 மீட்டர், ஆளுக்கு ஒரு மீட்டர் அகலம், இலக்கின் மையம் 1.40 மீட்டர் உயரம், அதன் மேல் 1500 லக்ஸ் வெளிச்சம், ஆடாத தரை, ஈயம் தொட்ட கையைக் கழுவக் குழாய். இலக்குக்கும் கோட்டுக்கும் நடுவே திறக்கிற கதவு மட்டும் இருக்கக் கூடாது.

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாமல் மாநகராட்சிச் சமூகக் கூடங்கள் பூட்டித்தானே கிடக்கின்றன? அந்த இரண்டு மாதம் கொடுங்கள் என்று மனு எழுதியிருக்கிறோம். வாசலில் மேசை இருக்கிறது. பெயர், வார்டு எண், கையெழுத்து. பேனாவை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.