ஐசிசி கட்டுரையும் ஒரு கையெழுத்தும்: சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. இது வந்ததிலிருந்து மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிற தம்பி ஒருவர் கேட்கிறார்: "அண்ணை, 2023 நவம்பரில் ஐசிசி, அதுதான் சர்வதேச கிரிக்கெட் பேரவை, அரசுத் தலையீடு என்று சொல்லி இலங்கைக் கிரிக்கெட்டை இடைநிறுத்தியது பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறேன். அமெரிக்க விளையாட்டுச் சட்ட இதழ்களில் கட்டுரையைத் தெரிவு செய்வதே மாணவர்களாம். நம்பி அனுப்பலாமா?"

தாராளமாக அனுப்புங்கோ. ஹார்வர்ட் சட்ட இதழ் 1887இல் தொடங்கியபோதே மாணவர்கள் நடத்தியதுதான். விளையாட்டு, கேளிக்கைச் சட்ட இதழ்களும் அங்கே பெரும்பாலும் அப்படித்தான். ஒரே கட்டுரையைப் பல இதழ்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பலாம். ஒன்று ஏற்றுக்கொண்டால், அதைச் சொல்லிப் பெரிய இதழிடம் "கெதியாக முடிவு சொல்லுங்கோ" என்று நெருக்கலாம். ஐரோப்பியப் பக்கம் இந்த விளையாட்டு வேண்டாம். ஒரு நேரத்தில் ஓர் இதழ்தான், துறை அறிந்தவர்கள் மீளாய்வு செய்வார்கள், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இன்னொன்று, 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் நம் விளையாட்டுத்துறை அமைச்சருக்கு என்ன அதிகாரம் கொடுக்கிறது என்று அந்த அமெரிக்க மாணவர்களுக்குத் தெரியாது. அதை முதல் இரண்டு பக்கத்திலேயே விளக்கிவிடுங்கோ.

இனி நான் எங்கே வருவேன் என்று வழக்கமாகப் பார்ப்பவர்களுக்குத் தெரியும். கையெழுத்து! கட்டுரையை ஏற்றபின் ஒரு படிவம் வரும். சில இதழ்கள் வெளியிடும் அனுமதியை மட்டும் கேட்கும். சில, பதிப்புரிமையையே எழுதித் தரச் சொல்லும். எனக்குத் தெரிந்த ஒருவர், பாடகர்கள் வாசிக்காமல் கையெழுத்து வைத்து உரிமையை இழப்பது பற்றி அருமையாக எழுதினார். பிறகு அதே கட்டுரையைத் தமிழாக்கி நம் ஊர் மலர் ஒன்றில் போட, வெளியீட்டாளரிடம் அனுமதி கேட்டுக் கடிதம் எழுதினார்! 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டத்தில் பொருளாதார உரிமை வேறு, ஆசிரியர் என்று பெயர் போடக் கேட்கும் உரிமை வேறு. அவரிடம் மிஞ்சியது பெயர் மட்டும். அதனால் திரும்பவும் சொல்கிறேன், படிவத்தை வாசியுங்கோ. தமிழாக்கவும் பல்கலைக்கழக இணையக் களஞ்சியத்தில் வைக்கவும் உரிமை வேண்டும் என்று கேளுங்கோ. கேட்டால் பல இதழ்கள் தருகின்றன.

ஆனால் தம்பி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. யாழ்ப்பாணத்தில் சென்ஜோன்ஸ் கல்லூரியும் மத்திய கல்லூரியும் மோதுகிற கிரிக்கெட் போட்டியான வடக்கின் பெரும்போரை ஆளுக்கொரு கைபேசியில் நேரலை போடுகிறார்களே, அந்தக் காட்சி யாருக்குச் சொந்தம்? இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் நகரில் மதுச்சாலை நடத்திய ஒரு பெண்மணி, கட்டண ஒளிபரப்பைத் திறந்து காட்டும் கிரேக்க நாட்டு டிகோடர் அட்டை வாங்கி இங்கிலாந்து உதைபந்தாட்டத்தைக் காட்டினார். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2011 தீர்ப்பில் நீதிமன்றம் சொன்னது, உதைபந்தாட்டம் விதிகளுக்கு உட்பட்டது, ஆக்கச் சுதந்திரத்துக்கு அதில் இடமில்லை, எனவே ஆட்டத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்று. ஒளிபரப்பில் சேர்க்கிற அறிமுகக் காட்சி, கீதம், வரைகலை போன்றவற்றுக்குத்தான் அது வரலாம். அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதே வாதம் இங்கே எடுபட்டால், கல்லூரிகளிடம் மிஞ்சுவது மைதான வாசல் மட்டும்தானே? உள்ளே விடும்போது என்ன நிபந்தனை போடுகிறார்கள், நுழைவுச்சீட்டில் என்ன அச்சடித்திருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா? இடைவேளையில் பேண்ட்காரர் வாசிக்கிற, பதிப்புரிமை உள்ள சினிமாப் பாட்டு வேறு அந்த நேரலைக்குள் வருகிறது. ஐசிசி கட்டுரையை அனுப்பிவிட்டு, அடுத்த மார்ச்சில் ஒரு சீட்டு வாங்கி அதன் பின்பக்கத்தை வாசித்துவிட்டு எனக்கு எழுதுங்கோ.